கேட்டலும் செய்தலும் – 14: கைப்பிடிச் சுவர்

ஓய்வுநாளைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குப் போகிறது. 'கேள்' என்ற சொல்லைப் பற்றிச் சென்ற வாரம் பேசியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'சொன்னால் கேட்கமாட்டான்' என்று ஒரு பிள்ளையைக் குறைசொல்லும்போது நாம் அவன் காதைப் பற்றிப் பேசவில்லை; எபிரேயரின் 'ஷெமா'வும் அப்படியே காதையும் கையையும் ஒரே சொல்லில் கட்டிவைத்தது. அவ்வளவு போதும். காது கேட்டதைக் கை எங்கே போய்ச் செய்கிறது என்பதுதான் மீதமிருந்த கேள்வி. ஓய்வுநாளைக் கொண்டு அதற்கு விடை தேடலாம் என்றிருந்த வேளையில் உபாகமம் 22ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனம் குறுக்கே வந்து நின்றது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

அந்த வசனம் சொல்வது இவ்வளவுதான்: புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும், வைக்காமல் விட்டு, யாராவது அங்கிருந்து விழுந்துவிட்டால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். நம் கொத்தனார்கள் இன்றைக்கும் வாயால் சொல்லும் அதே சொல், 'கைப்பிடிச் சுவர்', தமிழ் வேதாகமத்திலும் இருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று புது வீட்டுக்குக் குடிபோகும்போது போதகர் வந்து ஜெபிக்கிறார், 127ஆம் சங்கீதம் வாசிக்கப்படுகிறது, யோசுவா தன் வீட்டாரின் சார்பில் சொன்ன உறுதிமொழி சட்டமிட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டப்படுகிறது. எல்லாம் நல்லதே. ஆனால் வீடு கட்டுகிறவனுக்கென்றே வேதாகமம் நேராகக் கொடுத்திருக்கும் கட்டளை அந்த வேளையில் வாசிக்கப்படுவது அரிது. கர்த்தருக்குக் கீழ்ப்படிதல் என்றால் பெரிய தியாகம், பெரிய அழைப்பு, ஆபிரகாம் மோரியா மலை ஏறியது என்றே நினைக்கப் பழகியிருக்கிறோம். மோரியா ஒருவன் வாழ்வில் ஒருமுறை வந்தாலே அதிகம். மாடிப்படியில் தினமும் ஏறி இறங்குகிறோம். அன்றாடக் கீழ்ப்படிதலை அறிய வேண்டுமானால் மாடியைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

பாலஸ்தீனத்து வீட்டின் மாடி என்ன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மர உத்தரங்களைப் போட்டு, அவற்றின்மேல் கிளைகளையும் நாணலையும் பரப்பி, மண் பூசி, கல் உருளையால் அழுத்திச் சமன்செய்த தட்டையான கூரை அது. வீட்டுக்குள் இருந்த இடத்தைவிட அங்கேதான் வாழ்க்கை அதிகம் நடந்தது. எரிகோவில் ராகாப் சணல் தட்டைகளைக் காயப்போட்டதும், அவற்றுக்குள் வேவுகாரரை மறைத்ததும் மாடியில். சாமுவேல் சவுலோடு தனியாகப் பேசியது மாடியில். நெகேமியாவின் காலத்து மக்கள் கூடாரப் பண்டிகைக்குத் தழைப்பந்தல் போட்டது மாடியில். யோப்பா பட்டணத்தில், தோல் பதனிடும் சீமோன் வீட்டு மாடியில், நண்பகல் வேளையில் ஜெபிக்க ஏறிய பேதுருவுக்குத்தான் புறஜாதியாருக்குக் கதவு திறக்கும் அந்தத் தரிசனம் கிடைத்தது. தாவீது தடுக்கி விழுந்ததும் ஒரு மாடியில்தான். அந்த விழுகையை எந்தச் சுவராலும் தடுத்திருக்க முடியாது, அது வேறு கதை. வடகம் காயப்போட்டு, கோடையில் பாய் விரித்துப் படுத்து, பிள்ளைகளை விளையாடவிட்டு மொட்டை மாடியோடு வாழ்ந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவின் சரிந்த ஓட்டுக் கூரைகளுக்குக் கீழே இருந்து இந்த வசனத்தை வாசித்தவர்களுக்கு இது ஏதோ பழைய கட்டட விதி. நமக்கோ அது வீட்டுக் கதை.

அதே வேதாகமத்தில் விழுந்தவர்களும் உண்டு. சமாரியாவில் அகசியா ராஜா தன் மேல்வீட்டுக் கிராதியின் வழியாக விழுந்து படுக்கையானான். குணமாவேனா என்று எக்ரோனின் தேவனிடம் கேட்க ஆளனுப்பி, எலியாவின் வாயால் மரணச் செய்தி கேட்டான். துரோவாவில் பவுல் நள்ளிரவு வரை பிரசங்கித்துக்கொண்டிருக்க, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்னும் வாலிபன் தூக்கம் மேலிட்டு மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் இறங்கி ஓடி அவனை அணைத்துக்கொண்டார், அவன் பிழைத்தான். இந்தக் கதையை அற்புதமாகவே பிரசங்கிக்கிறோம், அது அற்புதம்தான். ஆனாலும் நிறைந்த அறை, பல விளக்குகள், நெடுநேரக் கூட்டம், ஜன்னல் விளிம்பில் ஓர் இளைஞன் என்று லூக்கா ஒவ்வொன்றாக எழுதி வைத்திருப்பதைக் கவனித்தால், விபத்து எப்படி நேர்கிறது என்று அறிந்தவரின் கண் தெரிகிறது. ஆராதனையின் நடுவிலும் மனிதர் விழுகிறார்கள்.

வசனத்தின் அண்டை வீடுகளைப் பாருங்கள். அதற்கு முன்னால் சகோதரனின் வழிதப்பிய மாட்டைக் கண்டும் காணாததுபோல் போகாதே என்ற கட்டளை. பிறகு வழியில் விழுந்து கிடக்கும் கழுதையைத் தூக்கிவிடு என்பது. அடுத்து, குருவிக் கூட்டைக் கண்டால் குஞ்சை எடுத்தாலும் தாயைப் போகவிடு என்பது. அதன்பின் கைப்பிடிச் சுவர். மாடு, கழுதை, குருவி, மாடியில் ஏறும் மனிதன்: எல்லாமே கண்ணை அகலத் திறந்து நடக்கச் சொல்பவை. இதில் என்னை வியக்கவைத்தது இன்னொன்று. இந்தக் கட்டளையைக் கேட்டவர்களுக்கு வீடே இல்லை. மோவாபின் சமவெளியில், யோர்தானுக்கு இக்கரையில், நாற்பது வருடம் கூடாரத்தில் குடியிருந்தவர்களிடம் மோசே மாடியைப் பற்றிப் பேசுகிறார். இன்னும் கட்டாத வீட்டில், இன்னும் ஏறாத மாடியிலிருந்து, இன்னும் பிறக்காத ஒருவன் விழாமல் இருக்க அவர்கள் இப்போதே காது கொடுக்க வேண்டும்.

இதை மெசொப்பொத்தாமியாவின் அம்முராபி சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. கி.மு. 18ஆம் நூற்றாண்டுச் சட்டம் அது. 1901இல் சூசாவில் கண்டெடுக்கப்பட்ட கருங்கல் தூண் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கட்டியவன் சரியாகக் கட்டாமல் வீடு இடிந்து உரிமையாளன் செத்தால் கட்டியவனைக் கொல்ல வேண்டும். உரிமையாளனின் மகன் செத்தால் கட்டியவனின் மகனைக் கொல்ல வேண்டும் என்கிறது அது. நீதி பிணத்திலிருந்து தொடங்குகிறது. வேதாகமத்திலும் அப்படிப்பட்ட சட்டங்கள் உண்டு; முட்டும் மாடென்று எச்சரித்த பிறகும் அதைக் கட்டிவைக்காதவனைப் பற்றி யாத்திராகமம் 21 கடுமையாகப் பேசுகிறது. ஆனால் கைப்பிடிச் சுவர்க் கட்டளை பிணம் விழுவதற்கு முன்னால் வந்து நிற்கிறது. சுவர் வைக்காதவனுக்கு இத்தனை அடி, இத்தனை வெள்ளி என்று தண்டனை எதுவும் எழுதப்படவில்லை. விழப்போகிறவனை நினைத்துப் பார் என்று மட்டும் கேட்கிறது.

இந்த இடத்தில் நம் மொழி நமக்குத் தந்திருக்கும் ஒரு சொல்லைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் கட்டளைக்குப் பெயர் 'கற்பனை'. பத்துக் கட்டளைகளைப் பாட்டிமார் பத்துக் கற்பனைகள் என்றே சொன்னார்கள். சபைக்கு வெளியே உள்ளவர்களுக்குக் கற்பனை என்றால் மனத்தில் இல்லாததைப் படைத்துக் காண்பது. இதனால் குழப்பம் வருகிறதென்று புதிய மொழிபெயர்ப்புகள் சொல்லை மாற்றிவிட்டன, மாற்றியது நியாயமே. ஆனாலும் கைப்பிடிச் சுவரின் முன்னால் நிற்கும்போது இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. சுவர் வைக்கிறவன் விழாத ஒருவன் விழுவதைத் தன் மனத்தில் காண வேண்டும். இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்த விருந்தாளி, காற்றாடியை அண்ணாந்து பார்த்தபடி பின்னால் நடக்கும் சிறுவன், வற்றல் எடுக்க வந்த கண் மங்கிய பெரியம்மா: இவர்களைக் காணாமல் அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிய முடியாது. கற்பனையைக் கைக்கொள்ளக் கற்பனை வேண்டும். கொடுமை மட்டுமே பாவம் என்று நினைக்கிறோம். அயலானை நினைத்துப் பார்க்க மறுக்கும் சோம்பலும் பாவம்தான், அதனால் விளையும் சாவு அதிகம் என்றே நினைக்கிறேன்.

யூத ரபிமார் இந்த வசனத்தைக் கையில் எடுத்துச் செய்த வேலை அழகானது. சுவரின் உயரம் பத்துக் கைப்பிடி என்று வரையறுத்தார்கள். இன்றைய அளவில் அது முக்கால் மீட்டருக்கும் ஒரு மீட்டருக்கும் இடையே வரும். நான்கு முழத்துக்கு நான்கு முழம்கூட இல்லாத குடிலுக்கு விலக்கு. மக்கள் குடியிராத தானியக் களஞ்சியத்துக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் விலக்கு என்று 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் எழுதினார். கல்லைவிட மனிதனைப் பார்த்து அளந்த அளவு இது. அதற்கு முன்பே தல்மூதில் ரபி நாத்தான் ஒரு படி மேலே போயிருந்தார்: கடிக்கும் நாயை வீட்டில் வளர்க்கக் கூடாது, ஆடும் ஏணியை வீட்டில் வைக்கக் கூடாது என்பதற்கும் இந்த வசனமே ஆதாரம் என்றார். ஏணிக்கும் நாய்க்கும் சுவருக்கும் என்ன உறவு? இரத்தம்தான் உறவு. கட்டளையின் எழுத்து மாடியோடு நின்றாலும் அதன் பார்வை வீடு முழுதும் நடந்தது.

இங்கே ஒரு கிறிஸ்தவ வாசகர் கை உயர்த்துவார். நாம் நியாயப்பிரமாணத்தின் கீழ் இல்லை, கிருபையின் கீழ் இருக்கிறோம் என்று பவுல் ரோமருக்கு எழுதியிருக்கிறாரே. மோசேயின் கட்டட விதி நமக்கு எதற்கு? அதோடு, இதே அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளி ஆட்டுமயிரும் சணலும் கலந்து நெய்த துணியை உடுத்தாதே என்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு இதை மட்டும் பிடித்துக்கொள்வது எந்த நியாயம்? கேள்வி சரியானது, மழுப்பிவிட முடியாதது. துணிக் கட்டளை தனக்குக் காரணம் சொல்லவில்லை. இஸ்ரவேலைப் பிற ஜாதிகளிலிருந்து பிரித்து அடையாளமிட்ட முறைமைகளோடு அதைச் சேர்த்துப் படிப்பதே பொருந்தும். அந்த வகை அடையாளங்களை முழுதாகப் புறஜாதி விசுவாசிகளின் தோளில் ஏற்ற வேண்டாமென்று எருசலேம் ஆலோசனைக் கூட்டம் முடிவெடுத்ததை அப்போஸ்தலர் 15இல் படிக்கிறோம். சுவர்க் கட்டளையோ தன் காரணத்தைத் தானே சொல்கிறது: மனித இரத்தம். அந்தக் காரணம் எருசலேமில் ரத்தாகவில்லை. கிருபையைப் பற்றி எழுதிய அதே பவுல், அதே நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில், அயலானுக்குத் தீங்கு விளைவிக்காத அன்பிலேதான் பிரமாணம் நிறைவேறுகிறது என்று வாதிடுகிறார். மாடியிலிருந்து விழுவது தீங்கு இல்லையா?

கிருபையை லுத்தரைவிட உரக்கப் பேசியவர் யார்? அவர் 1529இல் எழுதிய ஞானோபதேசங்களில், கொலையைத் தடுக்கும் கட்டளையை விளக்கும் இடத்தைப் படியுங்கள் (லுத்தரன் எண்ணிக்கையில் அது ஐந்தாவது, மற்ற புரொட்டஸ்டன்டு சபைகளில் ஆறாவது). அயலானின் உடலுக்குத் தீங்கு செய்யாதிருப்பது பாதிதான். அவனுக்கு உதவி செய்வதும் அதே கட்டளை என்கிறார் சிறிய உபதேசத்தில். பெரிய உபதேசத்தில் இன்னும் கடுமை: உடுத்தக் கொடுக்க முடிந்தும் ஒருவனை நிர்வாணமாக அனுப்பினால் அவனைக் குளிரில் சாகவிட்டவன் நீ என்கிறார். சிறிய உபதேசம் தமிழுக்குப் புதிதல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். தமிழ்ச் சபை தன் மழலைப் பருவத்திலேயே மனப்பாடம் செய்த பாடம் இது. கிருபை கீழ்ப்படிதலைக் கழற்றிவிடுகிறது என்பவர் லுத்தரையும் சரியாகக் கேட்கவில்லை, பவுலையும் கேட்கவில்லை.

இரண்டாவது மறுப்பு பக்தியின் உடையில் வருகிறது, அதனால் அதிக ஆபத்தானது. கர்த்தர் காப்பார், அவருடைய தூதர்கள் தாங்குவார்கள், சுவரில் நம்பிக்கை வைப்பதா என்பார்கள். இந்த வாதத்தை முதலில் எடுத்தவன் யார் என்று மத்தேயு 4 சொல்கிறது. சோதனைக்காரன் இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, 91ஆம் சங்கீதத்தையே ஆதாரம் காட்டி, குதிக்கச் சொன்னான். கைப்பிடிச் சுவரில்லாத உயரத்தின் விளிம்பில் நின்ற ஆண்டவர் எடுத்த பதிலும் உபாகமத்திலிருந்துதான்: தேவனைப் பரீட்சை பார்க்காதே என்ற பொருளில் 6ஆம் அதிகாரத்து வசனம். தேவதூதர் உண்டா இல்லையா என்ற விவாதத்துக்குள் அவர் போகவே இல்லை. காப்பவர் தேவன் என்ற விசுவாசம், காக்க வேண்டிய என் வேலையைப் பிடுங்கிக்கொள்ளாது.

இதன் தம்பி ஒருவன் உண்டு, அவன் பெயர் தலைவிதி. அவன் நேரம் வந்தது, விழுந்தான், சுவர் இருந்தால் மட்டும் பிழைத்திருப்பானா என்று சாவு வீட்டில் சொல்கிறோம். ஜெபித்துவிட்டு வந்த கிறிஸ்தவரும் சொல்கிறார்கள். எபிரேய மூலத்தில் அந்த வசனத்தின் சொற்கள் 'விழுகிறவன் விழுந்தால்' என்ற வடிவில் இருக்கின்றன. விழுமுன்னே அவனை ஏன் விழுகிறவன் என்று அழைக்க வேண்டும் என்று ரபி இஸ்மவேலின் பள்ளியார் கேட்டார்கள். அவன் விழுவதென்று குறிக்கப்பட்டவனாகவே இருக்கட்டும், அந்த விழுகை உன் வீட்டு மாடியிலிருந்து நேர வேண்டியதில்லை என்பது அவர்கள் கண்ட விடை. விதியை நம்புகிறவனிடம் போய் விதியை மறுத்து வாதாடவில்லை. அவன் நிற்கும் தரையிலேயே நின்று அவன் கையில் செங்கல்லைக் கொடுத்தார்கள். இந்த வாரம் இதைவிட என்னை மகிழ்வித்த வாசிப்பு வேறில்லை.

இப்படி நுணுக்கம் பார்ப்பது பரிசேயத்தனம் ஆகாதா என்பது மூன்றாவது. சுருக்கமாகச் சொல்கிறேன். புதினாவிலும் சீரகத்திலும் தசமபாகம் அளந்தவர்களை மத்தேயு 23இல் ஆண்டவர் கண்டித்தபோது, அளப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டதற்காகக் கண்டித்தார். கைப்பிடிச் சுவரில் நுணுக்கமும் இரக்கமும் ஒரே கலவையில் குழைந்திருக்கின்றன. பத்துக் கைப்பிடி என்று அளக்கிறவன் தன் புண்ணியத்தை அளக்கவில்லை, குழந்தையின் நெஞ்சுயரத்தை அளக்கிறான்.

கடைசியாக, இதற்கெல்லாம் இப்போது அரசாங்க விதி இருக்கிறதே, மாடிச் சுவருக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் என்று அவர்களே சொல்கிறார்களே என்ற வாதம். விதி இருப்பது நல்லது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் விதி மட்டும் போதுமா? கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடுவதற்கு 2010இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகள் வகுத்தது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அப்படிப்பட்ட குழியில் விழுந்தது. நாடே கண்விழித்துக் காத்திருந்தும் மீட்க முடியவில்லை. எந்த ஒருவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. குழியைத் திறந்துவிட்டு மூடாமல் போகிறவனைப் பற்றி யாத்திராகமம் 21 பேசுகிறது, அங்கே விழுவது மாடும் கழுதையும்; நம் காலத்தில் பிள்ளைகள் விழுகிறார்கள், நெறிகள் தாளில் இருக்கின்றன. அதிகாரி வரும் நாளுக்கும் அடுத்து வரும் நாளுக்கும் இடையிலான நாட்களில்தான் கீழ்ப்படிதல் குடியிருக்கிறது. கழிவுநீர்த் தொட்டியின் விரிசல் விட்ட மூடி, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வண்டியின் தேய்ந்த பிரேக், மழையில் தொங்கும் மின்கம்பி, கைப்பிடி கழன்ற மாடிப்படி: இவற்றில் ஒன்றாவது நம் பொறுப்பில் இல்லாத வீடு அரிது. சபைகளிடமும் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. விண்ணைத் தொடும் ஆலயக் கோபுரத்துக்குச் சாரம் கட்டும்போது, அதில் ஏறும் கூலித் தொழிலாளியின் இடுப்பில் பாதுகாப்பு வார் இருக்கிறதா? பிரதிஷ்டை நாளில் வாசிக்கும் வசனங்களோடு இந்த வசனத்தையும், அஸ்திவாரம் போடும் நாளிலேயே, ஒப்பந்தக்காரர் காது கேட்க வாசித்தால் என்ன?

இந்த வகைக் கீழ்ப்படிதலுக்குச் சாட்சி சொல்ல முடியாது என்பது ஒரு கஷ்டம். வியாதி நீங்கியதைச் சாட்சி சொல்லலாம், கடன் தீர்ந்ததைச் சொல்லலாம். எங்கள் மாடியிலிருந்து முப்பது வருடமாக யாரும் விழவில்லை என்று எழுந்து நின்று சொன்னால் சபை என்ன செய்யும் என்று தெரியவில்லை. சுவர் யாரைக் காத்தது என்று சுவர் வைத்தவனுக்கே தெரியாது. காக்கப்பட்டவனுக்கும் தெரியாது, அதன்மேல் சாய்ந்து நின்று காற்று வாங்கிவிட்டு இறங்கிப் போயிருப்பான்.

ஓய்வுநாளுக்கு இனி இடமில்லை. ஆனால் அதற்குள் நுழையுமுன் வாசகர்கள் ஒரு காரியம் செய்து வைத்தால் அடுத்த வாரம் நேராகத் தொடங்கலாம். பத்துக் கட்டளைகள் இரண்டு இடத்தில் வருகின்றன: யாத்திராகமம் 20, உபாகமம் 5. ஓய்வுநாளைக் கைக்கொள்ளச் சொல்லும் காரணம் இரண்டிலும் ஒன்றல்ல. ஒன்று தேவன் உலகத்தைப் படைத்து ஓய்ந்த ஏழாம் நாளைக் காட்டுகிறது. மற்றது எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைவூட்டி, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும் என்கிறது. நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து விருந்துக்கு உட்காரும்போது, அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பவர் இந்த இரண்டில் எந்த அதிகாரத்தைக் கேட்டிருக்கிறார் என்பதிலிருந்து தொடங்குவோம்.